சித்தப்பாவுக்கு ஸ்டென்டா, பைபாஸா, மாத்திரையா?

சித்தப்பாவுக்கு நெஞ்சு பிடிப்பது தோட்டத்து மேட்டில்தான். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம் அவருக்கு ரெண்டரை ஏக்கர் காபி. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. வீடு மேலே, காபி உலர்த்தும் களம் கீழே. களத்திலிருந்து ஏறி வரும்போது பாதி வழியில் மார்பின் மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி அழுத்தும். பலா மரத்தடியில் ரெண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். ஒரு வருஷமாக அதற்கு வாயு என்று பெயர் வைத்து ஓமத் தண்ணீரில் காலம் ஓட்டியிருக்கிறார். வயது 61. பன்னிரண்டு வருஷமாகச் சுகர்.

ஒருவழியாகச் சேலத்துக்கு இறக்கி வந்து டி.எம்.டி., அதாவது டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. பார்க்கும் சோதனை, எடுத்தோம். அதில் மாற்றம் தெரிந்ததும், இதயக் குழாய்களில் எங்கே அடைப்பு என்று பார்க்கும் ஆஞ்சியோ. ஆஞ்சியோ நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் படிவத்தோடு வெளியே வந்தார். "ரெண்டு பிளாக் இருக்கு. டேபிள்லயே ஸ்டென்ட் போட்டுடலாம், கையெழுத்துப் போடுங்க." அடைத்த குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பி வலைதான் ஸ்டென்ட். சித்தி பேனாவை வாங்கிவிட்டார். அவர் மகன், எனக்குத் தம்பி முறை, ஓசூரில் வேலை, "ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்றான். வந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. "மலை மேல இருக்கீங்க. ராத்திரி ஏதாவது ஆனா இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும். யோசிச்சுக்குங்க."

எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். அந்த ஒரு வாக்கியம்தான் வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை.

நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுகளின் தரவைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. அதில் கற்றுக்கொண்டது ஒன்று: ஆய்வுக் கட்டுரையை எடுத்தால் முடிவுக்குப் போகாதே, யாரையெல்லாம் சேர்க்கவில்லை என்ற பத்தியை முதலில் படி. நம் ஆள் அந்த ஆய்வின் வாசலுக்குள் நுழைந்திருப்பாரா என்று தெரியாமல் அதன் சதவீதங்களைப் பேசிப் பயனில்லை. அந்த ஒரு வாரம் சித்தப்பாவின் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன்.

ஃபைலில் இருந்தது இவ்வளவு. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியக் குழாயின் நடுவில் 80 சதவீத அடைப்பு. வலது குழாயில் 70. இடது பக்கத்தின் தாய்க்குழாய், டாக்டர்கள் லெஃப்ட் மெயின் என்பார்களே, அது சுத்தம். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங் 55 சதவீதம், அதாவது இதயத் தசை நன்றாக வேலை செய்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருந்தது. இதற்கு முன் ஹார்ட் அட்டாக் வந்த அடையாளம் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது, தூங்கும்போது வலி கிடையாது. மேடு ஏறினால் மட்டும்.

கடைசி வரி முக்கியம். நான் இனி எழுதப்போவது எல்லாம் இந்த வகைக்காரருக்கு, அதாவது வலி ஒரே மாதிரி, ஒரே அளவு உழைப்பில் வந்து நின்றால் அடங்குகிறவருக்கு. சும்மா இருக்கும்போது வலி வந்து வியர்த்துக் கொட்டுகிறவர் இதைப் படித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆம்புலன்ஸில் இருக்க வேண்டும். அங்கே ஸ்டென்ட் உயிர் காக்கும் என்பதில் தகராறே இல்லை.

உயிர்க் கணக்கு

வீட்டில் எல்லாரும் ஒரே வாயில் மூன்று கேள்வி கேட்டார்கள். உயிருக்கு ஆபத்தா, அட்டாக் வருமா, மறுபடி மேடு ஏற முடியுமா. மூன்றும் ஒன்று மாதிரிதான் தோன்றும். மூன்றுக்கும் விடை வேறு வேறு.

முதல் கேள்விக்கு 2007லேயே ஒரு பதில் வந்துவிட்டது. கரேஜ் என்ற ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 பேர். பாதிப் பேருக்கு நல்ல மாத்திரைகள் மட்டும், பாதிப் பேருக்கு அதே மாத்திரைகளோடு ஸ்டென்ட். நாலரை வருஷத்துக்கு மேல் பார்த்ததில் இறப்பும் அட்டாக்கும் சேர்த்து ஸ்டென்ட் பக்கம் 19 சதவீதம், மாத்திரைப் பக்கம் 18.5. "அது பழைய ஸ்டென்ட், அதிலே சேர்ந்தவர்கள் லேசான நோயாளிகள்" என்று அப்போது சொன்னவர்கள் பலர். அதில் நியாயமும் இருந்தது.

அதற்காகவே இஸ்கீமியா என்ற ஆய்வு நடந்தது. 37 நாடுகள், 5,179 பேர், இந்திய மருத்துவமனைகளும் அதில் உண்டு. ரத்த ஓட்டக் குறை நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். பத்தில் நான்கு பேருக்குச் சுகர். 2020ல் முடிவு வந்தது. ஸ்டென்ட் அல்லது பைபாஸ் (அடைப்பைத் தாண்டி வேறு ரத்தக்குழாயை இணைக்கும் அறுவை) செய்த பக்கம் 145 பேர் இறந்திருந்தார்கள், மாத்திரைப் பக்கம் 144 பேர். இந்த இரண்டு எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சித்தியிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப எதுக்குக் கண்ணு அப்படி அவசரப்படுத்தினாங்க?" என்றார்.

சரி, இனி என் வேலைப் பழக்கம். யாரைச் சேர்க்கவில்லை? லெஃப்ட் மெயினில் பாதிக்கு மேல் அடைப்பு உள்ளவர்களை விட்டுவிட்டார்கள். பம்பிங் 35க்குக் கீழே போனவர்களை விட்டுவிட்டார்கள். சமீபத்தில் அட்டாக் வந்தவர்கள், மாத்திரை சாப்பிட்டும் தாங்க முடியாத வலி உள்ளவர்கள், அவர்களும் இல்லை. சித்தப்பா இந்த நான்கிலும் வரமாட்டார். நான்காவதைக் கவனியுங்கள்: மாத்திரை சாப்பிட்டும் என்கிறது. சித்தப்பா அதுவரை சாப்பிட்டது ஓமத் தண்ணீர்.

சமமாக முடிந்தது என்று மட்டும் சொன்னால் நான் பாதியை மறைத்தவன் ஆவேன். முதல் ஆறு மாதத்தில் இறப்பு, அட்டாக் முதலான பெரிய பாதிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஸ்டென்டோ பைபாஸோ செய்து கைவைத்த பக்கம்தான் அதிகம், 5.3 சதவீதம், மாத்திரைப் பக்கம் 3.4. சிகிச்சையின்போதே வரும் சிறு அட்டாக்குகள் அதற்கு முக்கியக் காரணம். ஐந்து வருஷம் போனால் கணக்கு திரும்புகிறது: கைவைத்த பக்கம் 16.4, மாத்திரைப் பக்கம் 18.2. அதே ஆட்களை ஏழு வருஷம் வரை தொடர்ந்து பார்த்ததில் இதயத்தால் வந்த இறப்பு கைவைத்த பக்கம் குறைவு, 6.4க்கு 8.6. ஆனால் வேறு காரணங்களால் வந்த இறப்பு அந்தப் பக்கம் கூடுதல். மொத்தத்தில் மறுபடியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை வைத்து யாரும் சத்தம் போட்டுப் பேச முடியாது. அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்த வகை நோயாளிக்கு ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் யோசிக்க அவகாசம் உண்டு. டேபிளில் படுத்திருக்கும்போது முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏன் இப்படி? 80 சதவீதம் அடைத்த இடத்தைத் திறந்துவிட்டால் அட்டாக் வராமல் இருக்க வேண்டாமா? தம்பி இதையே திரும்பத் திரும்பக் கேட்டான். அவனுக்கு மலைப்பாதையை வைத்துத்தான் சொன்னேன். அடிவாரத்திலிருந்து ஏறும்போது எந்த வளைவு குறுகல் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். அங்கே வண்டி மெதுவாகும், நெரிசலாகும். ஆனால் அடைமழையில் பாறை உருண்டு பாதையையே மறிப்பது அந்த வளைவில்தான் என்று இல்லை. நேற்று வரை அகலமாக இருந்த இடத்திலும் மண் சரியும். இதயக் குழாயிலும் வலி தருவது குறுகிய இடம். அட்டாக் தருவது எங்கோ சுவரில் படிந்திருக்கும் கொழுப்புப் படலம் திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவது. ஸ்டென்ட் குறுகிய வளைவை அகலமாக்கும். மலை முழுக்க மண்ணை இறுக்கிப் பிடிப்பது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும், ஆஸ்பிரினும், பி.பி., சுகர் கட்டுப்பாடும், பீடியை விடுவதும்தான்.

வலிக் கணக்கு

இங்கே நான் ஸ்டென்ட் பக்கம் சாய்கிறேன்.

2017ல் பிரிட்டனிலிருந்து ஒரு விசித்திரமான ஆய்வு வெளியானது, ஆர்பிட்டா என்று பெயர். 200 பேர். எல்லாரையும் மயக்கத்தில் படுக்க வைத்து, பாதிப் பேருக்கு உண்மையாகவே ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைத்த மாதிரி நடித்தார்கள். ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓட விட்டால் இரு தரப்புக்கும் வித்தியாசம் வெறும் 16.6 விநாடி, தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். இதய மருத்துவ உலகமே ஒரு கணம் ஆடிப்போனது. ஆனால் அந்த 200 பேரும் நெஞ்சுவலியை அடக்கும் இதய மாத்திரைகளை முழு அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே குழாயில்தான் அடைப்பு. அதே குழுவினர் 2023ல் இரண்டாம் ஆய்வை வெளியிட்டார்கள். இந்த முறை 301 பேர், அந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு. பன்னிரண்டு வாரத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு வலியே இல்லை. நடித்த பக்கம் 15 சதவீதம். அப்படியானால் ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது, அது மனப்பிரமை இல்லை. அதேசமயம் பத்தில் ஆறு பேருக்கு ஸ்டென்ட் வைத்த பிறகும் ஏதோ ஒரு வலி மிஞ்சியது என்பதும் அதே ஆய்வுதான் சொல்கிறது. விளம்பரத்தில் இது வராது.

இஸ்கீமியா ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. வாரம் ஒரு முறையாவது வலி வந்துகொண்டிருந்தவர்களில் ஒரு வருஷத்துக்குப் பின் வலியே இல்லாமல் ஆனவர்கள் கைவைத்த பக்கம் பாதிப் பேர், மாத்திரைப் பக்கம் ஐந்தில் ஒருவர். ஆரம்பத்திலேயே வலி இல்லாதவர்களுக்கு எந்த லாபமும் இல்லை.

ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் இரண்டு, சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு வழக்கமாக ஆறு மாதம், தவறாமல். பாதியில் விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், அது பெரிய ஆபத்து. கவாத்து வெட்டும் கத்தியோடு நாள் முழுக்க இருக்கிற ஆளுக்குக் கையில் ஒரு கீறல் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும். பல் பிடுங்க வேண்டுமென்றாலும் இதய டாக்டரைக் கேட்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் அது லட்சத்தைத் தாண்டி விற்றது. பிறகு வரம்பு அவ்வப்போது மாறி வந்திருக்கிறது. ஸ்டென்டின் விலை வேறு, மருத்துவமனையின் மொத்த பில் வேறு என்பதை மறக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்டென்டும் பைபாஸும் அதில் வரும். சித்தப்பாவிடம் அட்டை இருந்தது. இரும்புப் பெட்டியில், பட்டாவுக்கு அடியில்.

சுகர் நுழைந்ததும் கணக்கு மாறியது

இவ்வளவும் படித்துவிட்டு "அப்போ ஸ்டென்டா மாத்திரையா" என்று நான் எழுதி வைத்திருந்த தாளைக் கிழிக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் சுகர் உள்ளவருக்கு, ஒன்றுக்கு மேற்பட்ட குழாயில் அடைப்பு இருந்தால், ஸ்டென்டுக்குப் போட்டி மாத்திரை மட்டும் இல்லை, பைபாஸும்தான்.

2012ல் வந்த ஃப்ரீடம் ஆய்வு: சுகரும் பல குழாய் அடைப்பும் உள்ள 1,900 பேர். ஐந்து வருஷத்தில் இறப்பு, அட்டாக், பக்கவாதம் மூன்றும் சேர்த்து ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. பக்கவாதம் மட்டும் தனியாகப் பார்த்தால் பைபாஸ் பக்கம் அதிகம், 5.2க்கு 2.4. ஆனாலும் மொத்தத்தில் பைபாஸ் தெளிவாக முன்னால் நிற்கிறது. காரணம் முன்னே சொன்ன மலைப்பாதைதான். ஸ்டென்ட் ஒரு வளைவைத்தான் சரிசெய்யும். பைபாஸ் என்பது ஏற்காட்டுக்குப் போகும் குப்பனூர் வழி மாதிரி, தனியாக இன்னொரு பாதை. முதல் பாதையில் எங்கே மண் சரிந்தாலும் கீழே ரத்தம் போய்ச் சேர்ந்துவிடும். சுகர் உள்ளவர்களுக்குக் குழாய் நெடுகப் படலம் படிவதால் இந்த இரண்டாம் பாதைக்கு மதிப்பு கூடுகிறது. மார்புச் சுவரின் உட்பக்கத்திலிருந்து எடுத்து இணைக்கும் தமனி பத்து வருஷம் கழித்தும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரைகள் அவ்வளவு உழைக்காது. பத்து வருஷத்தில் அவற்றில் கிட்டத்தட்டப் பாதி அடைத்துவிடும்.

இங்கேயும் என் பழக்கப்படி வாசலைப் பார்த்தேன். ஃப்ரீடமில் சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மூன்று குழாயிலும் அடைப்பு. சித்தப்பாவுக்கு இரண்டு. ஆகவே அந்த இடைவெளியை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது, கொஞ்சம் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். அதோடு, ஃப்ரீடமில் மாத்திரை மட்டும் என்ற மூன்றாவது பக்கமே இல்லை.

அந்தப் பக்கம் இருந்தது பாரி 2டி என்ற 2009ஆம் வருஷத்து ஆய்வில். சுகரும் நிலையான இதய நோயும் உள்ள 2,368 பேர். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், கைவைத்த பக்கம் 88.3 சதவீதம், மாத்திரைப் பக்கம் 87.8. உயிர்க் கணக்கில் பேதமில்லை. ஆனால் பைபாஸ்தான் பொருத்தம் என்று டாக்டர்கள் முன்பே பிரித்து வைத்த, அடைப்பு அதிகமான ஆட்களில், பெரிய பாதிப்புகள் 30.5லிருந்து 22.4 சதவீதமாக இறங்கின. ஸ்டென்ட்தான் பொருத்தம் என்று வைத்த ஆட்களில் அந்த இறக்கம் இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. சித்தப்பாவின் வயது, சுகர், இரண்டு குழாய், அதில் ஒன்று முன்பக்க முக்கியக் குழாய். இப்படிப்பட்டவருக்கு இருந்த மூன்று வழிகளில் டேபிளில் வைத்து நீட்டப்பட்டது எதுவோ அதற்குத்தான் ஆதாரம் மிகக் குறைவு. பைபாஸ் என்ற வார்த்தையையே அன்று யாரும் சொல்லவில்லை. அறுவை நிபுணரும் இதய மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய ஆள் அவர்.

பைபாஸுக்கு விலை பணத்தில் மட்டும் இல்லை. ஒரு வாரம் மருத்துவமனை, அப்புறம் அறுத்த மார்பெலும்பு ஒட்டிச் சேர ரெண்டு மூன்று மாதம். அதுவரை மூட்டை தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தது அக்டோபர். நவம்பரில் பழம் சிவக்க ஆரம்பித்தால் ஜனவரி வரை பறிப்பு. "இந்த வருஷ அறுப்ப விட்டுட்டு நெஞ்ச அறுத்துக்கச் சொல்றியா" என்றார் சித்தப்பா. இதை எந்த ஆய்வும் அளக்காது, ஆனால் தராசில் இதுவும் ஒரு படிக்கல்தான்.

தம்பியின் கால்குலேட்டர்

இதற்கு நடுவில் தம்பி செல்போனில் ஒரு கணக்கிடும் பக்கத்தைத் திறந்து வயது, கொலஸ்ட்ரால், பி.பி., சுகர் எல்லாம் போட்டு, "பத்து வருஷத்துல இருபத்தெட்டு சதவீதம்" என்று அறிவித்தான். சித்தி அழத் தொடங்கிவிட்டார்.

அந்த மாதிரிக் கணக்குகளின் தாய்வீடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்ஹாம் என்ற ஊர். 1948லிருந்து அந்த ஊரில் 5,209 பேரைப் பின்தொடர்ந்து, யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்து உருவாக்கியது. நோய் இன்னும் வராதவருக்கு வருமா என்று சொல்வதற்கான கணக்கு அது. நோய் வந்துவிட்ட சித்தப்பாவுக்கு அதைப் போடுவது, பூத்துக் காய்த்த செடியைப் பார்த்து இது முளைக்குமா என்று ஜோசியம் கேட்பது போல. அந்தக் கணக்கு உண்மையில் தேவைப்படுவது தம்பிக்கு. தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் சராசரியாக 53 வயதிலேயே வருகிறது, மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு வருஷம் முன்னால் என்று இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அவனுக்கு 34. கொலஸ்ட்ரால் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்குப் பொருந்தும் கணக்கு டி.எம்.டி. தாளிலேயே இருந்தது. டியூக் ஸ்கோர் என்பார்கள்; பேனா போதும். ஓடிய நிமிஷத்திலிருந்து, ஈ.சி.ஜி. கோடு இறங்கிய மில்லிமீட்டரை ஐந்தால் பெருக்கிக் கழி. வலிக்கு நான்கு கழி, வலியாலேயே நிறுத்தினால் எட்டு. சித்தப்பா ஓடியது ஏழு நிமிஷம். கோடு ஒரு மில்லிமீட்டர் இறங்கியது. வலி வந்தது, ஆனால் அதனால் நிற்கவில்லை. ஏழில் ஐந்து போய், நான்கு போய், மைனஸ் இரண்டு. ஐந்தும் அதற்கு மேலும் குறைந்த ஆபத்து, மைனஸ் பதினொன்றும் அதற்குக் கீழும் அதிக ஆபத்து; இவர் நடுவில். 1991ல் வெளியான கணக்கின்படி நடுத்தரக்காரர்களில் நூற்றுக்கு 95 பேர் நாலு வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் ஸ்டாட்டின் பரவுவதற்கு முந்தைய காலத்து ஆட்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 95ஐச் சொன்னதும் சித்தி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "இவரு அந்த தொண்ணூத்தஞ்சுல ஒருத்தரா, மீதி அஞ்சுல ஒருத்தரா?" எந்த ஸ்கோரும் அதைச் சொல்லாது. இவர் மாதிரி நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் மைனஸ் பதினொன்று வந்திருந்தால் நானே அன்றைக்கே பைபாஸ் தேதி கேட்டிருப்பேன். ஸ்கோரின் வேலை அந்த அளவுதான்.

இருபது வளைவு

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். மலை மேல் இருப்பதால் ஸ்டென்ட் போட்டுக்கொள்ள வேண்டுமா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலியில்லாமல் நடப்பதற்காக வைக்கும் ஸ்டென்ட், ராத்திரி ரெண்டு மணிக்கு வேறொரு இடத்தில் வெடிக்கும் படலத்தைத் தடுப்பதில்லை என்றால், ஸ்டென்ட் வைத்த பிறகும் அதே இருபது வளைவு அப்படியேதான் இருக்கும். பைபாஸ் செய்தாலும் இருக்கும். தூரத்துக்குப் பதில் தூரத்தைக் குறைப்பதுதான்.

இதில் தமிழ்நாட்டிலேயே செய்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, ஈ.சி.ஜி.யை அங்கிருந்தே அனுப்பி, முதலில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு ஆம்புலன்ஸில் மையத்துக்கு என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2,420 நோயாளிகள். ஏற்பாட்டுக்கு முன் ஒரு வருஷ இறப்பு 17.6 சதவீதம், பின் 14.2. 2017ல் வெளியானது. 2023லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளை மருந்தாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். அடிவாரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே வீட்டில் செய்தது இது. சட்டைப் பையில் சார்பிட்ரேட் மாத்திரை. வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் ஒன்று. நின்றுகொண்டு போட்டால் தலை சுற்றி விழலாம். ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108. பக்கத்துத் தோட்டத்து டிரைவரின் நம்பர் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறது, செல்போன் சார்ஜ் இறங்கினாலும் கண்ணில் படும். முதலில் பக்கத்துச் சுகாதார நிலையம், அப்புறம்தான் சேலம். நேராகக் கீழே இறங்கிவிடலாம் என்ற பழைய வழக்கத்தை விட வைப்பதற்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது.

என்ன முடிவு

ரெண்டாவதாகப் பார்த்த இதய மருத்துவர் முக்கால் மணி நேரம் கொடுத்தார். மூன்று வழியையும் தாளில் வரைந்தார். மூன்று மாதம் மாத்திரை, அதுவும் முழு அளவில். பறிப்பு முடிந்ததும் மறு டி.எம்.டி.; அப்போதும் வலி தொடர்ந்தால் அறுவை நிபுணரையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்றார். இஸ்கீமியாவில் மாத்திரைப் பக்கம் போனவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நாலு வருஷத்துக்குள் ஸ்டென்டோ பைபாஸோ தேவைப்பட்டது, அது தோல்வி இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

மாத்திரை என்றால் லேசாக நினைக்கக் கூடாது. ஆஸ்பிரின். அட்டோர்வாஸ்டாட்டின் 40. நாடித்துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால். பி.பி.க்கு ஒன்று. சுகருக்கு ஏற்கனவே இருந்ததோடு எம்பாக்ளிஃப்ளோசின். சுகரும் இதய நோயும் சேர்ந்த 7,020 பேரிடம் செய்த ஆய்வில் இதய இறப்பை 5.9லிருந்து 3.7 சதவீதமாக இறக்கிய மருந்து. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் செய்யத் தொடங்கி விலை நன்றாக இறங்கிவிட்டது. கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே வர வேண்டும் என்றார். முதல் தடவை 131 இருந்தது, ஆறு வாரத்தில் 66.

இந்த வழியின் பலவீனம் ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட வேண்டும். ஆய்வில் நர்ஸ் போன் செய்து கேட்பார். நாகலூரில் யார் கேட்பது? தம்பி தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் மாத்திரை டப்பாவைக் காட்டச் சொல்கிறான். ஒரு மாதத்தில் இது நின்றுவிடும் என்று நினைத்தேன், இன்னும் நிற்கவில்லை. பொங்கலுக்கு நான் போயிருந்தபோது சித்தப்பா களத்திலிருந்து வெறுங்கையோடு ஏறினால் பலா மரத்தில் நிற்பதில்லை. மூட்டையோடு ஏறினால் நிற்கிறார். மூட்டை தூக்குவது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிப்ரவரியில் அவர்தான் சொல்ல வேண்டும். ரொம்ப முக்கியம் என்றால் பைபாஸ் பேசுவோம். வலி வழக்கத்துக்கு மாறாகச் சும்மா இருக்கும்போது வந்தாலோ, எக்கோவில் பம்பிங் இறங்கினாலோ பிப்ரவரி வரைகூடக் காத்திருக்கப் போவதில்லை.

தம்பி இன்னும் கொலஸ்ட்ரால் பார்க்க ரத்தம் கொடுக்கப் போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறான்.